ஊர்ப்பெயரும் இலக்கமும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

அம்மாவுக்குக் கால்வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், பெரிய ஆறுதல். இங்கே கச்சான் காற்று அடிக்கிறது. பகலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

சரி, உங்கள் மரண உதவிச் சங்கப் பட்டியலுக்கு வருகிறேன். புதிய சர்வருக்கு மாறியதும் அங்கத்தவர் இலக்கங்களுக்கு மேலே இருந்த ஊர்ப்பெயர்கள் எல்லாம் கீழே போய்விட்டன என்றாய். உன் கோடில் பிழை இல்லை. நீ கோட் எழுதும் பிஎச்பி மொழியின் 8.2ஆம் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. அதில், பட்டியலைக் கீயின்படி (ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமான இலக்கம் அல்லது பெயர்) அடுக்கும் கேசோர்ட் என்ற ஃபங்ஷன் ஒப்பிடும் முறை மாறிவிட்டது. முன்பு ஒரு கீ எண்ணாகவும் மற்றது எழுத்தாகவும் இருந்தால் எழுத்தை எண்ணாக்கிப் பார்க்கும். 'பழுகாமம்' அதற்கு வெறும் 0. அதனால்தான் முதலாம் இலக்க அங்கத்தவருக்கும் முன்னே போய் நின்றது. இப்போது எண்ணை எழுத்தாக்கி ஒப்பிடுகிறது. இலக்கங்கள் முன்னே, ஊர்கள் பின்னே. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. ஒரு ஊரை 0 என்று எடுப்பது என்ன கணக்கு?

ஆனால் உன்னிடம் '12அ' மாதிரிக் கிளை இலக்கங்களும் இருக்கின்றனவே, அங்கேதான் கவனம் வேண்டும். 9, 12 இரண்டும் எண்கள், 9 முந்தும். 12க்குப் பின்னால் '12அ' வரும். ஆனால் '12அ'வை 9உடன் எழுத்தாக ஒப்பிடும்போது '1' முதலில் வருவதால் '12அ' முந்திவிடும். எப்படி அடுக்கினாலும் ஒன்று இடிக்கும். ஆகவே, நாமே கொடுக்கும் விதிப்படி கீகளை அடுக்கும் யூகேசோர்ட்டைப் போட்டு விதியை நீயே எழுது: முதலில் எண் பகுதி, பிறகு கிளை எழுத்து, கடைசியில் ஊர்கள்.

ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் மாற்றிவிடவா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து வேண்டாம், மச்சான். உன் பட்டியலில் பழுகாமத்துக்கு முன்னே பனிச்சங்கேணி வருவதற்குக் காரணம் தமிழ் அல்ல. கணினிக்காக எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 'ன'வை 'ந'வுக்குப் பக்கத்தில், 'ழ'வுக்கு முன்னே வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நாம் அரிவரியில் படித்த வரிசையில் ழ, ள, ற, ன என்று 'ன' கடைசி. பிஎச்பியோடு சேர்க்கக்கூடிய இன்டிஎல் நீட்சியில், அந்தந்த மொழியின் அகரவரிசைப்படி சொற்களை ஒப்பிடும் கொலேட்டர் இருக்கிறது. அதைத் தமிழுக்கு அமைத்து ஊர்களை ஒப்பிட்டால் பழுகாமம் முன்னுக்கு வந்துவிடும். சங்கத்தில் பெயர் தேடுகிற வயதானவர்களுக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான். அவர்களுக்காக இந்தச் சிறு வேலையைச் செய்தே ஆகவேண்டும்.

கிளை இலக்கங்கள் எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. ஒப்பிடும் ஃபங்ஷனை நான் எழுதித் தருகிறேன். அப்புறம், அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்