அணை கட்டியவர்களின் ஊர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா?

மகனோடு லாஸ் வேகஸில் இருக்கிறேன். இந்தச் சூதாட்ட விளக்குகள் சீக்கிரமே அலுத்துவிட்டன. ஹூவர் அணைக்குப் போகும் வழியில் போல்டர் சிட்டியில் இறங்கினோம். அணையைவிட அந்த ஊர்தான் மனதில் நிற்கிறது. 1931இல் அணைத் தொழிலாளர்களுக்காகவே பாலைவனத்தில் எழுப்பிய ஊர். பழைய பகுதி 1983 முதல் தேசிய வரலாற்றுப் பட்டியலில் இருக்கிறது.

நெய்வேலியில் பதவிக்கேற்ப டைப் வாரியாகப் பிரித்த குவார்ட்டர்ஸ் பார்த்து வளர்ந்தவன் நீ, சட்டென்று புரியும். குன்றின் மேல் அரசு இலாகாவின் அலுவலகம். அதையொட்டி அதிகாரிகளுக்குச் செங்கல் வீடுகள். கீழே, ஏ, பி, சி என்று எழுத்தையே பெயராகக் கொண்ட தெருக்களில், சிக்ஸ் கம்பெனீஸ் என்ற ஒப்பந்தக் கூட்டு அவசரமாக அடித்த மரவீடுகள். அணை முடியும்வரை நின்றால் போதும் என்று கட்டியவை. பல இன்னும் நிற்கின்றன. அறை சேர்த்து, வண்ணம் பூசி, குடியிருக்கிறார்கள். கல்யாணமாகாதவர்களுக்கு விடுதி, தங்கவும் சாப்பிடவும் கூலியில் நாளுக்கு 1.60 டாலர் பிடித்தம். 1932இல் வந்த தியேட்டரில் குளிர்காற்று உண்டு. படம் எதுவானாலும் சரி, தூங்குவதற்கென்றே டிக்கெட் எடுப்பார்களாம்!

அந்த நாளில் ஊர் வாசலில் காவல், நுழைய பாஸ். சிம்ஸ் எலி என்ற நிர்வாகி வைத்ததுதான் சட்டம். மது விற்பனைக்கு 1969இல்தான் அனுமதி கிடைத்தது. சூதாட்டம் இன்றுவரை கிடையாது. சூதாட்டத்துக்குப் பேர்போன நெவாடா மாநிலத்தில் இப்படி ஓர் ஊர்!

எல்லாம் அழகுதான். ஆனால் ஒன்று உறுத்தியது. கறுப்பினத்தவருக்கு முதலில் வேலையே தரவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 1932இல் சிலரைச் சேர்த்தார்கள், ஊருக்குள் குடியிருக்க மட்டும் விடவில்லை. வேலை முடிந்ததும் சுமார் 50 கிலோமீட்டர் பஸ்ஸில் லாஸ் வேகஸுக்குத் திரும்ப வேண்டும். சீனர்களை எடுக்கவே கூடாதென்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அணையில் கறுப்பினத்தவர் சிலரின் வியர்வையும் உண்டு, ஆனால் இன்று பாதுகாக்கும் அந்தத் தெருக்களில் அப்போது ஒரு வீடு கூட அவர்களுடையதாக இருந்ததில்லை.

அந்தக் கறுப்பினத் தொழிலாளர்களில் பலர் தங்கிய லாஸ் வேகஸின் வெஸ்ட்சைட் பகுதிக்கு அடுத்த வாரம் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். மகன், "அங்கே என்னப்பா இருக்கு?" என்கிறான். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
ரகு