காருக்குள் பதில் சொல்லும் கருப்புப் பெட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். டயர் தேய்மானம், ஆயில் கசிவு, விபத்தில் அடிபட்டு நிமிர்த்தப்பட்ட தகடு, ஆர்.சி. புத்தகம் என்று பயனுள்ள செய்திகள் அதில் இருந்தன. ஆனால், வெளிச்சந்தையில் வாங்கிக் காரின் வயரிங்குக்குள் பொருத்தப்படும் மின்னணு மாட்யூல்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணிப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது, அவை எப்படி வேலை செய்கின்றன என்று அறியும் ஆவலில் இரண்டு ஆண்டுகளாகச் சிலவற்றை வாங்கியும் கேட்டுப் பெற்றும் பிரித்துப் பார்த்துவருகிறேன். தெரிந்துகொண்டதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்த ஆவல் என் அக்கா மகனின் காரிலிருந்து தொடங்கியது. அவன் கோவையில் பழைய ஜெர்மனிக் கார் ஒன்றை வாங்கியிருந்தான். ஒரு நாள் காலையில் சாவியைச் செருகியும் கார் உயிர் பெறவில்லை. பேட்டரியும் எஞ்சினும் சாவியும் நன்றாகவே இருந்தன. ஸ்டியரிங்கைப் பூட்டித் திறக்கும் சிறிய மோட்டார் மட்டும் தேய்ந்து நின்றுவிட்டது. அத்தகைய கார்களில், சாவி செருகும் இடத்துக்குப் பின்னால் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி, "திறந்துவிட்டாயா?" என்று ஸ்டியரிங் பூட்டிடம் வயர் வழியாகக் கேட்கும், "திறந்துவிட்டேன்" என்ற பதில் உரிய குறியீட்டோடு திரும்பி வந்தால்தான் இக்னிஷனுக்கு மின்சாரத்தை விடும். மோட்டார் நின்றதால் பதில் வரவில்லை, பதில் வராததால் கார் நின்றது. பூட்டை முழுதாக மாற்றிக் கணினியில் பதிவு செய்வதற்குக் கம்பெனிப் பட்டறையில் சொன்ன தொகை அந்தக் காரின் வயதுக்குக் கட்டுபடியாகவில்லை. சிறு பட்டறை நடத்தும் ஒருவர் பூட்டின் தாழ்ப்பாளை விடுவித்துவிட்டு, பூட்டைப் போலவே நடிக்கும் 'எமுலேட்டர்' என்ற தீப்பெட்டி அளவுள்ள பெட்டி ஒன்றை அந்த இடத்தில் செருகினார். கார் உடனே ஓடியது.

அந்தப் பெட்டிக்குள் பெரிய மர்மம் எதுவும் இல்லை. 12 வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஒரு ரெகுலேட்டர், காரின் வயரோடு பேசுவதற்கு ஒரு ஐ.சி., பேச வேண்டிய வாசகங்கள் எழுதப்பட்ட மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லு ஆகியவைதான் இருக்கின்றன. கேள்வி வந்தால், பூட்டு சொல்லியிருக்க வேண்டிய பதிலை அது சொல்கிறது. இறந்துபோன ஓர் உறுப்பின் பெயரில் பதில் சொல்வதுதான் இவ்வகை மாட்யூல்கள் பெரும்பாலானவற்றின் முழு வேலையும். ஆனால் அந்தக் காரில் ஸ்டியரிங் இனிமேல் பூட்டிக்கொள்ளாது; திருட்டுக்கு எதிரான ஒரு தடை குறைந்துவிட்டது. பொருத்தியவர் இதை என் அக்கா மகனிடம் வாய்விட்டுச் சொன்னார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

இப்படி ஒரு பெட்டி மற்றொன்றின் குரலில் பேச முடிவது எதனால் என்று தேடியபோது, காருக்குள் ஓடும் கேன் என்ற தகவல் இணைப்பைப் பற்றிப் படித்தேன். பாஷ் நிறுவனம் 1986-ஆம் ஆண்டு வெளியிட்ட இந்த முறையில், ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்களே எல்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கும் பொதுவான பாதையாக இருக்கின்றன. யாரும் பேசாதபோது இரண்டிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் இருக்கும். பேசும்போது ஒன்று 3.5 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். ஊரில் தண்டோரா போடுவதைப் போல, ஒருவர் சொல்வது அனைவர் காதிலும் விழும். யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு செய்தியிலும் அது எதைப் பற்றியது என்ற எண் இருக்குமே தவிர, அனுப்பியது யார் என்பதை மெய்ப்பிக்கும் முத்திரை எதுவும் கிடையாது. சரியான எண்ணோடு, சரியான இடைவெளியில் எந்தப் பெட்டி சொன்னாலும் மற்றவை நம்பிவிடும். புதிய கார்கள் சிலவற்றில்தான் செய்தியோடு ரகசியச் சரிபார்ப்புக் குறியும் சேர்க்கப்படுகிறது.

எல்லா மாட்யூல்களுக்கும் இவ்வளவு அறிவு தேவைப்படுவதில்லை. இண்டிகேட்டரில் 21 வாட் பல்புக்குப் பதிலாக இரண்டு மூன்று வாட் எல்.இ.டி. போட்டால், மின்னோட்டம் குறைந்ததைப் பார்த்துப் பல்பு போய்விட்டதென்று கார் எண்ணிக்கொள்ளும். அதற்காகப் பக்கவாட்டில் 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைக்கிறார்கள். எரியும் நேரத்தில் அது 24 வாட்டை வெறும் சூடாக்குகிறது. பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கட்டினால் உருக்கிவிடும். கேஸ் கிட் பொருத்திய கார்களிலும் ஓர் எமுலேட்டர் உண்டு. கார் கேஸில் ஓடும்போது பெட்ரோல் இன்ஜெக்டர்களை நிறுத்த வேண்டும், ஆனால் அவை இணைப்பில் இல்லை என்று எஞ்சின் கணினி பிழை காட்டவும் கூடாது என்பதால், இன்ஜெக்டரின் காயிலைப் போன்ற சுமையை அது காட்டுகிறது. இதில் யாரையும் ஏமாற்றும் நோக்கம் இல்லை. இரண்டு எரிபொருள்களுக்கு நடுவே அது ஒரு பாலம்.

நான் பிரித்தவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஆக்சிஜன் சென்சாருக்கான பெட்டி. புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைப்பதற்கென உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சாரும் பின்னால் ஒரு சென்சாரும் இருக்கும். சாதாரண வகையில் முன்னது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே இடைவிடாமல் ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின்னது அலைபாயாமல் நிற்கும். கெட்டுவிட்டால் பின்னதும் முன்னதைப் போலவே துள்ளத் தொடங்கும், உடனே என்ஜின் விளக்கு எரியும். நல்ல விலை கொடுத்து வாங்கிய அந்தப் பெட்டியை உடைத்துப் பார்த்தபோது, உள்ளே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் 1 மைக்ரோ ஃபாரட் கன்டென்சர் ஒன்றும் மட்டுமே இருந்தன. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு நொடி அளவுக்கு ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்து, துள்ளும் சிக்னலை நேர்க்கோடாக்கிக் காட்டுகின்றன. முதலாண்டு மாணவனுக்கு நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய அதே சர்க்யூட். விளக்கு அணைகிறது, கார்பன் மோனாக்சைடு உள்ளிட்ட நச்சுப் புகையோ முன்போலவே வெளியேறுகிறது.

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் ஆகாது. மூன்று பேஸ் வராத நேரத்தில் கன்டென்சர் வைத்துப் பம்ப்செட்டை ஓட்டுவதும், மோட்டாரைக் காப்பதற்கென்றே வைத்த சிங்கிள் பேஸ் பிரிவென்டரைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுப்பதும் கோபி, பவானி வட்டாரத்தில் யாருக்கும் புதியவை அல்ல. தண்ணீர் கிடைக்கும், ஆனால் மோட்டார் சூடேறி, ஒரு கோடையில் காயில் கருகிப் பட்டறைக்கு வரும். அப்படிக் கருகிய காயில்களை நான் எத்தனையோ முறை மாணவர்களிடம் காட்டியிருக்கிறேன். அங்கே நட்டம் ஒரு மோட்டாரோடு போகிறது. காரில் சில இடங்களில் அப்படி முடிவதில்லை.

முன்னிருக்கையில் ஆள் இருக்கிறாரா என்று ஏர்பேக் கணினிக்குச் சொல்லும் மெல்லிய பாய் ஒன்று சில கார்களில் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அது பழுதானால் ஏர்பேக் விளக்கு எரியும். பாயை மாற்றச் செலவு அதிகம் என்பதால், பெரியவர் ஒருவர் எந்நேரமும் அமர்ந்திருக்கிறார் என்று சொல்லும் எமுலேட்டரை வைக்கிறார்கள். பின்னாளில் அந்தச் சீட்டில் பின்நோக்கிய குழந்தை இருக்கையை வைத்தால், மோதலின்போது ஏர்பேக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அதன் முதுகில் வெடித்து அறையும். இதைவிடக் கொடியது ஒன்றையும் பார்த்தேன். எங்கள் உறவினர் ஒருவர் வாங்கிய பழைய காரின் டேஷ்போர்டை வேறு ஒரு வேலைக்காகக் கழற்றியபோது, பயணியர் பக்கத்து ஏர்பேக் அங்கே இல்லை. அதன் கனெக்டரில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ரெசிஸ்டர் ஒன்று மட்டும் இருந்தது. ஏர்பேக்கின் வெடிதிரி ஏறத்தாழ 2 ஓம் தடை கொண்டது. கணினி சிறு மின்னோட்டத்தை அனுப்பி அந்தத் தடையை மட்டுமே அளந்து பார்க்கிறது. அதே தடையை யார் காட்டினாலும் ஏர்பேக் இருப்பதாகவே நம்பும். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்து, சில நொடிகளில் ஒழுங்காக அணைந்துவிடும். அந்த விளக்கை நம்பி அவர் தம் மனைவியையும் கைக்குழந்தையையும் ஈரோட்டுக்கும் கோவைக்கும் அழைத்துப் போய்வந்துகொண்டிருந்தார். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதியின்படி அமைந்த டீசல் லாரிகளில் புகையின் நச்சைக் குறைக்கப் பயன்படும் யூரியாக் கரைசலுக்கான எமுலேட்டரும் இதே இனம்தான். தொட்டியில் கரைசல் இருப்பதாகவும் புகை சுத்தமாக இருப்பதாகவும் அது கேன் வழியே சொல்லிக்கொண்டிருக்கும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து லாரி உரிமையாளர்களுக்கு இதைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும்.

இவற்றையெல்லாம் மொத்தமாகத் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டியரிங் எமுலேட்டர் இல்லாவிட்டால் நல்ல எஞ்சினோடு ஒரு கார் இரும்புக் கடைக்குப் போயிருக்கும். வெளிப் பட்டறைகளுக்கு உதிரிபாகங்களும் பரிசோதனைக் கருவிகளும் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது. முறையான பாகமும் தகவலும் நியாயமான விலைக்குக் கிடைக்காத இடத்தில்தான் மாற்றுப் பெட்டி முளைக்கிறது. அதைச் செய்து தரும் மெக்கானிக்கைக் குற்றவாளியாக்குவது நியாயம் ஆகாது. எதையும் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பழக்கம் ஜி.டி. நாயுடு காலத்திலிருந்து கோவைக்குப் பெருமை சேர்த்த பழக்கம்.

நான் கேட்பது ஒன்றே. எந்த மாட்யூல் எந்த உறுப்புக்குப் பதிலாகப் பேசுகிறது, அதனால் காரில் எந்த வேலை இனி நடக்காது என்பதைப் பொருத்துபவர் ரசீதில் தமிழில் எழுதித் தர வேண்டும். "சென்சார் வேலை, ஒன்று" என்று எழுதி முடிக்கக் கூடாது. கார் கைமாறும்போது அந்த ரசீதும் சேர்ந்து கைமாற வேண்டும். ஏர்பேக், பிரேக் ஆகிய இரண்டின் பெயரில் பொய்ப் பதில் சொல்லும் எதையும் விற்கவே கூடாது. பழைய கார் வாங்குபவரும் விளக்கு அணைந்ததைப் பார்த்து நிம்மதி அடையாமல், டேஷ்போர்டைக் கழற்றிக் கண்ணால் பார்க்கும்படி காட்டச் சொல்லித் தெரிந்த பட்டறைக்காரரிடம் கேட்க வேண்டும்.

தாங்கள் இதுபற்றி விரிவான கட்டுரை வெளியிட முன்வந்தால், நான் பிரித்துவைத்திருக்கும் பெட்டிகளையும், டேப் சுற்றியபடியே எடுத்துவைத்திருக்கும் அந்த 2 ஓம் ரெசிஸ்டரையும் படம் எடுப்பதற்காகத் தங்கள் ஈரோடு அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்பணிப் பயிற்றுநர்,
கோபிசெட்டிபாளையம்.