அரிச்சல்முனையில் குளிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2017-இல் சாலை திறந்ததிலிருந்து, ராமேஸ்வரம் தீவில் தனுஷ்கோடியைத் தாண்டிய கடைக்கோடியான அரிச்சல்முனையில் கூட்டம் பெருகிவிட்டது. 'குளிக்காதீர்' என்று பலகை வைத்தால் மட்டும் போதாது. காரணத்தையும் எழுத வேண்டும். மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் சேரும் முனை அது. முழங்காலளவு நீரில் நின்றாலே குதிகாலுக்கடியில் மணல் அரித்துப் போகும். அடுத்த அடி ஆழம். பெரும்பாலும் அமைதியாக இருக்கும் வடபுறத்தைப் பெண்கடல் என்பார்கள். பெயரை நம்பி இறங்கக் கூடாது, வாடைக்காற்றில் அதுவும் சீறும். தென்மேற்குக் காற்றில் தென்புற ஆண்கடலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இழுப்பில் சிக்கினால் எதிர்நீச்சல் போட்டுக் களைக்காமல், மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும். 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. நிழல் கிடையாது, குடிநீரும் கையோடு வேண்டும். குளிக்கத்தான் ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் இருக்கிறதே!

- வாசகர், ராமநாதபுரம்