யாரையும் சுடவில்லை, தேன்கூடு வைக்கிறேன்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. போன தை மாதம் வந்தபோது டேப்லெட்டில் ஒரு கேமைப் போட்டுக் கொடுத்து, "தோட்டம் போடுற மாதிரிதான், உனக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாயே, டெர்ரா நில், அதை ஆடி வரைக்கும் நான் தொடவே இல்லை. ஆடியில் ஒரு மத்தியானம் கரண்ட் போய், டிவியும் இல்லை, தூக்கமும் வரவில்லை, சும்மாதான் திறந்தேன். மாவு அரைக்க ஊறப்போட்டிருந்த அரிசி சாயங்காலம் வரைக்கும் ஊறிக்கொண்டே கிடந்தது.

அப்பா எட்டிப் பார்த்து, "யாரைச் சுடுற?" என்று கேட்டார். அவருக்கு கேம் என்றால் உன் ரூமிலிருந்து வந்த துப்பாக்கிச் சத்தம்தான். "யாரையும் சுடலை, தேன்கூடு வைக்கிறேன்" என்றேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் நான் பார்த்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன். திறந்ததும் ஒரு பள்ளத்தாக்கு, வெந்துபோன மாதிரி ஒரே பழுப்பு, ஆறு ஓடின தடம் மட்டும் இருக்கிறது, ஒரு புல் கிடையாது. பாறை இருக்கிற இடமாகப் பார்த்து ஒரு காற்றாலை வைக்கிறோம், அதன் கரண்டில் மண்ணில் இருக்கிற விஷத்தை எடுக்கிற இயந்திரம், அப்புறம் தண்ணீர் தெளிக்கிற இயந்திரம், பச்சை மெதுவாகப் பரவுகிறது. ஒவ்வொன்றுக்கும் செலவு இலைதான், பச்சை பரவினால் இலை திரும்பி வரும். முதல் தடவை நான் புதிதாக மாற்றலில் வந்த அதிகாரி மாதிரி கண்ட இடத்திலெல்லாம் காற்றாலையை நட்டுவைத்து, பாதியில் இலை தீர்ந்து, பாலைவனத்தில் ஏழெட்டு காற்றாலை மட்டும் சுற்றிக்கொண்டு நின்றது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுத்தவளுக்கு இது தேவைதான். இரண்டாவது தடவை முதலில் ஆற்றில் தண்ணீரை விட்டேன், மற்றதெல்லாம் தானாக வழிக்கு வந்தது.

நெருப்புதான் என்னை ஆட்டிவிட்டது. அவ்வளவு பாடுபட்டுப் பச்சையாக்கின பிறகு, அதில் ஒரு பகுதியைக் கொளுத்து என்கிறது! இரண்டு நாள் கொளுத்தாமல் வைத்திருந்தேன். வேறு வழியே இல்லை, சாம்பல் விழுந்த மண்ணில்தான் காட்டு மரம் வரும் என்கிறது. அப்புறம் தேடிப் பார்த்தபோதுதான் புரிந்தது, இதைச் செய்த ஃப்ரீ லைவ்ஸ்காரர்கள் தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனில் இருப்பவர்கள். அந்த ஊர் மலையில் ஃபெயின்பாஸ் என்று ஒரு புதர்க்காடு உண்டு, தேன்கூடு வைத்ததும் கேமில் பூத்துக்கொண்டு வருகிறதே, அதுதான். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை எரியாவிட்டால் அதில் பல செடிகள் கிழடாகிச் செத்துப்போகும். 1990 வாக்கில் அந்த ஊர் ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள்: சில விதைகளை முளைக்கத் தூண்டுவது சூடுகூட இல்லை, புகைதான். நான் வேலையில் இருந்தபோது இது தெரிந்திருந்தால் ஒரு பீரியட் முழுக்க இதையே பேசியிருப்பேன். விதை முளைக்க என்ன வேண்டும் என்று கேட்டு, காற்று, நீர், வெப்பம் என்று ஒப்பிக்க வைத்தே ஓய்வு பெற்றுவிட்டேன்.

இவர்களே இதற்கு முன்னால் ப்ரோஃபோர்ஸ் என்று ஒன்று செய்திருக்கிறார்கள், அதில் தொட்டதெல்லாம் வெடிக்குமாம். இந்தக் கேமின் முதல் வடிவம் 2019இல் லுடும் டேர் என்கிற ஒரு வாரக் கடைசிப் போட்டிக்காகச் செய்தது, அதில் கொடுத்த தலைப்பு "ஒன்றுமில்லாமல் தொடங்கு". அதற்கு முந்தின வருஷம்தான் கேப் டவுனில் குழாயை மூடப்போகிறோம் என்று நாள் குறித்து, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். அப்பா ஒரு நாள் குளிக்கவே அது பத்தாது. அடுத்த வருஷம் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது, உன் சித்தி அப்போது குடத்தோடு நின்ற போட்டோ அனுப்பினாளே, ஞாபகம் இருக்கும். காய்ந்த ஊரில் இருந்தவர்கள் ஆற்றில் தண்ணீர் விடுகிற கேமைச் செய்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அங்கேயும் வெளியூர் மரங்கள் தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்று 1995இலிருந்து அரசாங்கமே ஆள் வைத்து வெட்டுகிறது. நம் சீமைக்கருவேலத்தின் சொந்தக்கார மரமும் அந்த நாட்டின் வறண்ட பகுதியில் பெரிய தலைவலியாம். படித்ததும் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கண்ட மாதிரி இருந்தது. கேமில் சீமைக்கருவேலம் இல்லை என்பது எனக்கு ஒரு குறைதான், ஒரே ஒரு பொத்தானில் வேரோடு பிடுங்கிப் பார்க்க ஆசை.

"ஆறு மணி நேரத்துல முடிச்சுடலாம்மா" என்று நீ சொன்னாய். எனக்கு ஆடியிலிருந்து ஐப்பசி ஆகிவிட்டது, இன்னும் முடியவில்லை. உன் அவசரம் எனக்குப் புரியவில்லை தம்பி. ஒரு இடத்தை முடித்ததும், ரசித்துக்கொள் என்று ஒரு பொத்தான் வருகிறதே, அதைத் தொட்டால் மற்ற எல்லாம் மறைந்து, காடும் ஆறும் மட்டும் மெதுவாக நகர்கிறது, பூச்சிச் சத்தம், மழைச் சத்தம். நான் அதைப் போட்டுவிட்டு டேப்லெட்டைச் சுவரில் சாய்த்து வைத்துக் கீரை ஆய்வேன். அது விளையாட்டா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

ஆனால் நீயும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தாய். காலேஜ் இரண்டாம் வருஷம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உன் ரூமிலிருந்து நகத்தால் மேசையைத் தட்டுகிற மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். பல்லி என்று நினைத்துக் கதவைத் திறந்தால், கம்ப்யூட்டரில் இடிந்த கட்டடம், மழை, நெருப்பைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கிடார் வாசிக்கிறார்கள், நீ கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாய். "ஏண்டா சுடலை?" என்றேன். "மழை பெய்யுதும்மா, விடட்டும்" என்றாய். ஸ்டாக்கர் என்கிற கேம். கீவ் நகரத்துக்காரர்கள் 2007இல் செய்தது, அதில் வருகிற, அணு உலை வெடித்த செர்னோபில் அவர்களுக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த டிக் டிக் கதிர்வீச்சை அளக்கிற கருவியின் சத்தம் என்று நீ அப்புறம் சொன்னாய். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு மழை விடட்டும் என்று காத்திருந்த பிள்ளை இப்போது ஆறு மணி நேரத்தில் முடிக்கலாம் என்கிறான்.

சரி, சண்டைக்கு வருகிறேன். பச்சையெல்லாம் வந்து, மழை வந்து, மானும் கரடியும் வந்த பிறகு, கேம் என்னிடம் கடைசியாகச் சொன்னது: நீ வைத்ததையெல்லாம் பிரித்து எடு. காற்றாலை, தண்ணீர் தெளிப்பான், எல்லாம். ஒரு சின்னப் படகு ஆற்றில் வந்து ஒவ்வொன்றாகச் சேகரித்துக்கொண்டு போய் வானூர்தியில் ஏற்றுகிறது, அப்புறம் கிளம்பிவிட வேண்டும், ஒரு ஆணிகூட மிஞ்சக் கூடாது. முதல் தடவை எனக்கு ஒரு மாதிரி தொண்டை அடைத்தது, அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். இரண்டாவது இடத்தில், அந்தத் தீவில் பவளப்பாறையெல்லாம் வந்த பிறகு மறுபடியும் கிளம்பு என்றபோது கோபம் வந்துவிட்டது. ஏன் போக வேண்டும்? இவ்வளவும் கற்றுக்கொண்ட ஒருத்தி அங்கே ஒரு குடிசை போட்டு உட்கார்ந்தால் என்ன கெட்டுவிடும்?

இதைப் போனில் சொன்னபோது நீ செர்னோபிலைத்தான் சொன்னாய். உலைக்குப் பக்கத்து ஊர் ப்ரிபியாத்தில் 49,000 பேரைக் கிளப்பிவிட்டு, இன்றைக்கு ஓநாயும் குதிரையும் அங்கே நன்றாக இருக்கிறது, மனுஷன் போனால் போதும், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று. நானும் படித்தேன். ஓநாய் சரி. அந்தக் காட்டுக் குதிரைகள் தானாக வரவில்லை தம்பி, 1998இல் மனுஷர்கள் வண்டியில் கொண்டுபோய் விட்டது. யாரோ ஒருத்தர் அங்கே நின்று கொட்டடிக் கதவைத் திறந்திருக்கிறார்.

அந்தக் கேமின் பெயரும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்பதற்கு லத்தீனில் டெர்ரா நல்லியஸ் என்பார்கள், ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரர்கள் அந்தப் பேச்சை வைத்துத்தான் அங்கே இருந்தவர்களை இல்லை என்றாக்கினார்கள், 1992இல்தான் நீதிமன்றம் அது தப்பு என்று சொன்னது. இவர்கள் அந்த அர்த்தத்தில் வைக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பள்ளத்தாக்கில் யார் இருந்தார்கள், அந்த ஆற்றுக்கு என்ன பெயர் என்று ஒரு வார்த்தை கிடையாது.

நம் கொள்ளுக்குடிப்பட்டிக்கு உன்னைச் சின்ன வயதில் அப்பா சைக்கிளில் கூட்டிக்கொண்டு போவாரே. அந்தக் கண்மாய் யாரோ வெட்டினது, கரை யாரோ போட்டது, மடையும் கலுங்கும் யாரோ கட்டினது. மனுஷன் தேக்கினதால்தான் தண்ணீர், அந்தத் தண்ணீரில் கருவேல மரம் நிற்பதால்தான் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வந்து கூடு கட்டுகிறது. 1977இல் சரணாலயம் என்று பலகை வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போகவில்லை, பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதை விட்டார்கள், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும்கூட. அங்கே வளருகிற ஒரு சின்னப் பையனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பார், நீயெல்லாம் ஒரு மாதம் முன்னாலிருந்தே பொட்டுவெடிக்கு அழுவாய். அப்படி ஒரு இடத்தை யாராவது கேமாகச் செய்தால் நான் காசு கொடுத்து வாங்குவேன். வெடியைக் கையில் கொடுத்துவிட்டு, ராத்திரி முழுக்கக் கொளுத்தாமல் உட்கார வைக்கிற கேம்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும். "வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுங்க, அங்க என்ன இருக்கு" என்று போன மாதம் கேட்டாய். கோபத்தில் சொல்லவில்லை என்று தெரியும், அப்பாவுக்கு முட்டி வலி, எனக்கு பிரஷர், உனக்கும் டப்ளினில் ராத்திரி தூக்கம் வராது. ஒரு மூன்று மாதம் வந்து இருக்கிறோம், வெயில் காலத்தில். பூட்டிவிட்டு வருவது பற்றி இப்போது பேச வேண்டாம்.

ஆனால் கேம் சொன்னதில் பாதி எனக்கு உறைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் ரூமை நான் அப்படியே வைத்திருந்தேன், பத்தாம் வகுப்பு நோட்டு, உடைந்த கீபோர்டு, மாடிப்படிக்கு அடியில் சைக்கிள், எதையும் அப்பாவைத் தொடவிட்டதில்லை. அந்தப் பள்ளத்தாக்கை முடித்த வாரம் சைக்கிளுக்குச் செயின் மாற்றி, பூக்காரம்மா பேரனுக்குக் கொடுத்துவிட்டேன். கோபப்படாதே, கேட்காமல்தான் கொடுத்தேன். கேட்டிருந்தால் நீ "குடும்மா" என்றுதான் சொல்லியிருப்பாய், ஆனால் கேட்டால் எனக்கு மனசு மாறிவிடும். நோட்டுகள் இருக்கட்டும்.

கடைசி இடத்துக்கு வந்திருக்கிறேன், முங்கிப்போன நகரம், மொட்டை மாடிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. எந்த மாடியில் யார் வற்றல் காயப்போட்டார்களோ என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பச்சை வந்தாகிவிட்டது, மழையும் வந்துவிட்டது. பிரித்து எடு என்று பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது, நான் தொடவில்லை. வானூர்தி நிற்கட்டும்.

கண்மாயில் இந்த வருஷம் தண்ணீர் பாதிக்கு மேல் இருக்கிறது, நத்தைகுத்தி வந்துவிட்டதாகப் பால்காரர் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்துப் போகலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். மார்கழியில் வரும்போது டேப்லெட்டுக்குச் சார்ஜர் வயர் ஒன்று வாங்கி வா, பழையது முனையில் பிய்ந்துவிட்டது, அப்பா டேப் சுற்றிக் கொடுத்திருக்கிறார், அதைச் சரிந்தபடி பிடித்துக்கொண்டால்தான் ஏறுகிறது.

அம்மா