காரைக்குடியில் ஆய்வு நிதி வழிகாட்டி மையம் கோரி மாவட்ட ஆட்சியருக்கு மனு

அனுப்புநர்:
காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டங்களைச் சேர்ந்த முனைவர் பட்ட ஆய்வாளர்கள் சார்பாக,
வரலாற்றுத் துறை முழுநேர ஆய்வு மாணவி,
காரைக்குடி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சிவகங்கை.

பொருள்: கலை, தமிழ், சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை, ஆய்வு நிதி பற்றித் தகவல் தந்து விண்ணப்பிக்க உதவும் மையம் ஒன்றைக் காரைக்குடியில் அமைத்துத் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வு செய்பவர்களுக்கு எந்த நிறுவனம் எவ்வளவு பணம் தருகிறது, விண்ணப்பம் எப்போது வரும், யார் யார் கையெழுத்து வேண்டும் என்பதைக் கண்டுபிடித்துச் சொல்லவும், விண்ணப்பம் போய்ச் சேரும்வரை கூடவே நிற்கவும் எங்கள் பகுதியில் யாரும் இல்லை. அதற்கென்று ஒரு அறையும் ஓர் ஆளும் கேட்டுத்தான் இந்த மனு.

கல்விக்குக் கொடுத்தே பேர்பெற்ற ஊர் இது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறப்பு விழா நடந்தது. 1947-இல் தொடங்கிய கலைக் கல்லூரி, 1985-இல் வந்த பல்கலைக்கழகம் என்று அடுத்தடுத்து வளர்ந்தவற்றின் பலனை இன்று நாங்கள் அனுபவிக்கிறோம். நூலகம் இருக்கிறது, நெறியாளர்கள் இருக்கிறார்கள். ஆய்வை முடிக்கும்வரை சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் வழிதான் பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தேசிய அளவில் நடக்கும் நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறியவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதற்குப் பிறகு 42,000 ரூபாயும் கிடைக்கிறது. அது கிடைக்காதவர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் படித்தால் மாதம் 8,000 ரூபாயாவது வரும். அதே ஆய்வை மாநிலப் பல்கலைக்கழகத்திலோ, அதன் இணைவுக் கல்லூரியிலோ செய்தால் அந்த 8,000 ரூபாயும் இல்லை. எங்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். சாயங்காலம் டியூஷன் எடுக்கிறோம். விடுமுறை நாளில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறோம். கல்யாணமான பெண்களுக்கு, "இன்னும் எத்தனை வருஷம் படிப்ப?" என்ற கேள்விக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இந்தப் பணத்தில்தான் இருக்கிறது. மாதாமாதம் ஒரு தொகை வந்தால் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பணமே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தேடினால் இருக்கிறது. தில்லியில் உள்ள இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 20,000 ரூபாய் தருகிறது. வரலாற்று மாணவர்களுக்கு இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகமும், தமிழ் மாணவர்களுக்குச் சென்னையிலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் தனியே உதவித்தொகை வைத்திருக்கின்றன. பட்டியலினத்தைச் சேர்ந்த முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்குகிறது. ஒற்றைப் பெண் பிள்ளையாகப் பிறந்தவருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவில் சாவித்திரிபாய் புலே பெயரில் தனித்திட்டமே உண்டு. ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தித் தேர்ந்தெடுக்கும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையும் இருக்கிறது.

இவற்றில் பாதியைக் கேள்விப்படாமலேயே முனைவர் பட்டம் வாங்கியவர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். அறிவிப்பு ஏதோ ஒரு இணையதளத்தில் வரும், சில வாரங்களில் முடிந்துவிடும். யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பெரும்பாலும் கடைசி நாள் தாண்டியிருக்கும். விண்ணப்பத்தை முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களும் வந்துவிட்டார்கள்.

சரி, அறிவிப்பைப் பார்த்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் கையெழுத்து. நெறியாளர், துறைத் தலைவர், முதல்வர், சில திட்டங்களுக்குப் பதிவாளர் வரை போக வேண்டும். ஆன்லைனில் ஏற்றிய விண்ணப்பத்தை அச்செடுத்து, நிறுவனத் தலைவரின் பரிந்துரையோடு தபாலில் அனுப்பச் சொல்லும் திட்டங்களும் உண்டு. எங்கள் தோழி ஒருவர் எல்லாவற்றையும் நேரத்தில் கொடுத்தும், கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்ததால் கோப்பு மேஜையிலேயே கிடந்தது. பொறுப்பு வேறு யாருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசி நாள் போய்விட்டது, அடுத்த அறிவிப்பு வந்தபோது அவருக்கு வயது வரம்பும் தாண்டிவிட்டது. யாரையும் குறைகூற இதை எழுதவில்லை. இந்த வேலை யாருடைய பொறுப்பு என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அதுதான் குறை.

உதவித்தொகை கிடைத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. மானியக் குழுவின் பணம் வர, ஆய்வாளர் ஆய்வைத் தொடர்கிறார் என்று கல்வி நிறுவனம் மாதந்தோறும் வங்கித் தளத்தில் உறுதி செய்ய வேண்டும். ஒரு மாதம் அதைச் செய்யாமல் விட்டால் அந்த மாதப் பணம் நிற்கும். அறை வாடகை கட்ட முடியாமல் வீட்டு உரிமையாளரிடம் தவணை கேட்டவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

தாங்கள் நினைத்தால் உடனே சரிசெய்யக்கூடிய ஒன்றை இங்கே தனியாகச் சொல்ல விரும்புகிறோம். மத்திய அரசுத் திட்டங்களில் பிற்படுத்தப்பட்டோர் சலுகை கேட்க, நம் மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமிலேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று வட்டாட்சியர் தரும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டுக்குரியதாக இருக்க வேண்டும். பலருக்கு இந்த வேறுபாடு விண்ணப்பத்தைத் திறந்த பிறகுதான் தெரியவருகிறது. அதற்குப் பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் பார்த்து, வட்டாட்சியர் ஒப்புதல் வருவதற்குள் நாள் முடிந்துவிடுகிறது. ஆய்வு உதவித்தொகைக்காகக் கேட்கப்படும் இந்தச் சான்றிதழ்களைத் தாமதமின்றித் தருமாறு நான்கு வரியில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதற்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

நெட் தேர்வு பற்றியும் சொல்ல வேண்டும். மொழிப்பாடம் தவிர மற்றப் பாடங்களுக்கு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, கல்லூரியிலும் தமிழில் தேர்வு எழுதிய வரலாறு, பொருளியல் மாணவர் பாடம் தெரிந்தும் தோற்றுப்போகிறார். டி.என்.பி.எஸ்.சி. எழுதுபவர்களுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி நடக்கிறது. கல்லூரிக்கு மேலே படிக்கிறவர்களைக் கூப்பிட்டுப் பேச ஒன்றும் இல்லை. அதே பயிலும் வட்டத்தில் நெட், முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்வு இரண்டுக்கும் சனி, ஞாயிறு வகுப்பு சேர்த்தால் அதுவே பெரிய உதவி. பாடம் எடுக்க, ஏற்கெனவே தேறியவர்கள் ஊதியம் வாங்காமல் வரத் தயாராக இருக்கிறார்கள்.

இந்த உதவி எல்லா மாவட்டத்துக்கும் வேண்டியதுதானே, காரைக்குடிக்கு மட்டும் என்ன அவசரம் என்று தாங்கள் கேட்கலாம். ஆய்வு செய்ய வேண்டிய பொருள் இங்கே எங்கள் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கிறது. அதுதான் அவசரம்.

பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் (கடல்கடந்து வட்டித்தொழில் செய்யப்) போன நகரத்தார் என்னும் செட்டியார்கள், பெட்டியடியில் (கடையில் கணக்கு எழுதும் இடத்தில்) எழுதிய பேரேடும் ஐந்தொகை என்னும் வரவுசெலவுச் சுருக்கமும் ஊருக்கு வந்து சேர்ந்தன. ஏஜெண்டுக்கும் அவருக்கு உதவியாளரான அடுத்தாளுக்கும் எழுதிய சம்பளச் சீட்டு, அவர்கள் அங்கே தங்கித் தொழில் செய்த கிட்டங்கியின் செலவுக் கணக்கு, ரங்கூனில் அப்போது நடப்பிலிருந்த வட்டி விகிதத்தைக் குறித்து வந்த கடிதம் எல்லாம் முற்றம் வைத்த வளவு வீட்டு அறைகளில் மரப்பெட்டிக்குள் இருக்கின்றன. தமிழ் எண்களிலும் பின்னக் குறிகளிலும் எழுதியிருப்பதால் வீட்டுப் பிள்ளைகளுக்கே படிக்கத் தெரியாது. 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. அப்படிப்பட்ட வட்டாரத்தின் பண வரலாற்றை எழுத மூலச்சான்று இந்தப் பெட்டிகள்தான். வீட்டை இடிக்கும்போது தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு நல்ல விலைக்குப் போகின்றன. கணக்கேடு எடைக்குப் போகிறது.

கள ஆய்வுக்குப் போன வீட்டில் ஓர் ஆச்சி பெட்டியைத் திறந்து காட்டினார்கள். மேலே இருந்த ஏட்டின் தோல் அட்டை நன்றாக இருந்தது. தூக்கினால் உள்ளே தாள் முழுவதையும் கரையான் சல்லடையாக்கியிருந்தது. அடியில் இருந்த மூன்று ஏடுகள் மட்டும் தப்பியிருந்தன. "எடுத்துக்கிட்டுப் போ ஆத்தா, நீயாச்சும் படி" என்றார்கள். எடுத்துப்போய் வைக்க என்னிடம் இடமில்லை. அங்கேயே உட்கார்ந்து படமெடுக்க நல்ல கேமரா இல்லை. கைப்பேசியில் எடுத்த படத்தில் பின்னக் குறிகள் தெளிவாகத் தெரியவில்லை.

இந்த வேலைக்கே பணம் தரும் திட்டம் உலகத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைப் படமெடுத்துக் காக்க நிதி தருகிறது. மூல ஆவணம் உரியவர்களிடமே இருக்கும், நாட்டைவிட்டுப் போகாது. தமிழ்நாட்டிலும் அத்திட்டத்தில் பணிகள் நடந்திருக்கின்றன. பெங்களூரிலுள்ள கலைகளுக்கான இந்திய அறக்கட்டளைக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். ஆத்தங்குடி ஓடு, கண்டாங்கிச் சேலை, சுண்ணாம்புப் பூச்சு வேலை பற்றி ஆராய்கிறவர்களுக்கு இது பொருந்தும். லண்டனில் உள்ள பர்மா ஆவணங்களைப் பார்க்கக் குறுகிய காலம் போய்வரச் சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை உதவுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சில மாதங்கள் ஆய்வு செய்ய ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை உண்டு. அவ்வளவு தூரம்கூட வேண்டாம். பல்லவன் ரயிலில் விடிகாலை ஏறி எழும்பூரில் இறங்கினால் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே தங்கி ஒரு மாதம் படிக்கத்தான் கையில் காசில்லை.

காரைக்குடியை அடுத்த கோட்டையூர் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்த நூல்களும் இதழ்களும், அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகக் காப்பாற்றப்பட்டன. காப்பாற்றியவர்களுக்கு எங்கள் ஊர் என்றும் கடன்பட்டிருக்கிறது. அடுத்த தொகுப்பையாவது இந்த ஊர்ப் பிள்ளைகளே காப்பாற்ற வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

மையம் என்றதும் கட்டடம் கேட்கிறோம் என்று நினைக்க வேண்டாம். காரைக்குடியில் அரசு நூலகம் ஒன்றில் ஓர் அறை, இணைய வசதியுள்ள கணினி, ஒரு ஸ்கேனர், இந்த வேலையை மட்டும் பார்க்கும் ஒருவர். அவர் நூலக அறிவியல் படித்தவராக இருந்தால் நல்லது, ஆங்கிலத்தில் திட்டவரைவு எழுதத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். ஆண்டு முழுவதற்குமான உதவித்தொகை நாட்காட்டியைத் தமிழில் தயாரித்து எல்லாக் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைக்கும் அவர் அனுப்ப வேண்டும். ஆய்வுச் சுருக்கம் எழுதுவது வேறு, நிதி கேட்டு எழுதுவது வேறு. எத்தனை மாதத்தில் என்ன முடியும், பயணத்துக்கு எவ்வளவு, கருவிக்கு எவ்வளவு என்று வரவுசெலவு போடவும், பணம் வந்த பிறகு பயன்பாட்டுச் சான்றிதழ் தயாரிக்கவும் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் சொல்லித் தருவார்.

செட்டிநாட்டின் ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருப்பதால், அங்கிருந்து வரும் ஆய்வாளர்களையும் இம்மையத்தில் அனுமதிக்க வேண்டுகிறோம். கல்லூரி முதல்வர்களையும் பல்கலைக்கழக அலுவலர்களையும் தாங்கள் ஒருமுறை அழைத்துப் பேசி, விண்ணப்பத்தில் எத்தனை நாளுக்குள் கையெழுத்திடுவது, விடுப்பில் இருந்தால் யார் இடுவது, மாதாந்திர உறுதிப்படுத்தலுக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் முடிவுசெய்து தர வேண்டும். மாநிலப் பல்கலைக்கழக முழுநேர ஆய்வாளர்களுக்கும் மாதம் ஒரு குறைந்தபட்சத் தொகை வழங்கும்படி உயர்கல்வித் துறைக்குத் தங்கள் பரிந்துரையையும் அனுப்ப வேண்டுகிறோம். அது தங்கள் அதிகாரத்துக்கு மேற்பட்டது என்பது தெரியும். ஆனால் நாங்கள் எழுதும் கடிதத்தைவிடத் தங்கள் கையெழுத்துள்ள கடிதத்துக்கு அங்கே மதிப்பு அதிகம்.

இவற்றில் எதைத் தாமதித்தாலும் ஓ.பி.சி. சான்றிதழ் பற்றிய சுற்றறிக்கையையும், நூலகத்தில் அறையையும் அடுத்த நெட் அறிவிப்புக்கு முன் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஆய்வாளர்களின் கையெழுத்துப் பட்டியலும், மேலே சொன்ன திட்டங்களின் தமிழ்ச் சுருக்கமும் இம்மனுவுடன் இணைத்திருக்கிறோம். விளக்கம் தேவைப்பட்டால் எந்தத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆய்வாளர்கள் சார்பாக
வரலாற்றுத் துறை ஆய்வு மாணவி.

இடம்: காரைக்குடி

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், திட்டங்களின் சுருக்கம்