கரை வெறும் தடுப்புச் சுவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கடல் நீரோட்டங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சரக்குக் கப்பல்களில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரி விஷயம் கண்ணில் பட்டால் விட மனம் வராது. எளிமையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் 'காற்று தள்ளுகிறது, கரை தடுக்கிறது, நீர் சுற்றி வருகிறது' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார்கள். இதில் காற்றுக்கும் முழு நியாயம் இல்லை, கரைக்கோ பாதிகூட இல்லை.

காற்று அடிக்கிற பக்கமே நீர் போகும் என்பது குளத்துக்குப் பொருந்தலாம், பெருங்கடலுக்குப் பொருந்தாது. 1893இல் நார்வே நாட்டுத் துருவப் பயணி நான்சென் தன் ஃபிராம் கப்பலை வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் உறையவிட்டார். கப்பல் பனியோடு மூன்று வருஷம் மிதந்தது. பனி, காற்று போகிற திசையில் போகாமல் 20 முதல் 40 டிகிரி வலப்பக்கம் ஒதுங்கியே நகர்ந்ததை அப்போது அவர் கவனித்தார். பூமி சுழல்வதுதான் காரணம் என்பதை ஸ்வீடன் நாட்டுக் கடலியலாளர் எக்மன் 1905இல் கணக்காகவே எழுதிக் காட்டினார். காற்றின் பிடி எட்டுகிற ஏறத்தாழ 100 மீட்டர் ஆழம்வரை எல்லா நீரையும் சேர்த்துப் பார்த்தால், நகர்வு காற்றுக்குச் செங்குத்தாக இருக்கும். வட அரைக்கோளத்தில் வலப்பக்கம், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம்.

இதனால் வெப்ப மண்டலத்தில் கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று ஒரு பக்கமிருந்தும், துருவப் பக்கமாக அதற்கு அப்பால் மேற்கிலிருந்து வீசும் மேலைக் காற்று மறுபக்கமிருந்தும் நீரைக் கடலின் நடுவே ஒதுக்கித் தள்ளுகின்றன. நடுவே ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் மேடிட்டு நிற்கிறது. வழிந்து இறங்கப் பார்க்கும் நீரைப் பூமியின் சுழற்சி திருப்பிவிட, அது மேட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. கட்டுரையில் சொன்ன பெருஞ்சுழல் இதுதான்.

சரி, கரைக்கு வருவோம். இந்தச் சுழல் சீரான வட்டமே அல்ல. பெருங்கடலின் மேற்கு ஓரத்தில் அது நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒடுங்கிப் பாய்கிறது; வட அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பக்கத்து வளைகுடா நீரோட்டமும் (Gulf Stream) ஜப்பான் பக்கத்துக் குரோஷியோவும் அப்படித்தான். அதே சுழல் கிழக்கு ஓரத்தில் அகன்று, சோம்பலாக நகர்கிறது. துருவத்தை நோக்கிப் போகப் போகப் பூமிச் சுழற்சியின் விளைவு கூடுவதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று 1948இல் அமெரிக்கக் கடலியலாளர் ஸ்டாமல் காட்டினார். ஆனால் ஒடுங்கிப் பாயும் அந்த நீர் சாய்ந்து ஓட ஒரு கரை வேண்டும்.

கரை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் ஆப்பிரிக்காவின் தெற்கே பார்த்திருக்கிறேன். கிழக்குக் கரையை ஒட்டித் தென்மேற்காக இறங்கும் அகுல்லாஸ் நீரோட்டத்தில் ஏறிக்கொண்டால் எரிபொருள் மிச்சம்; திரும்பி வரும்போது அதைத் தவிர்க்கக் கரையோரமாகவே வருவோம். தென்மேற்கிலிருந்து புயல்காற்று எதிர்த்து அடிக்கிற நாளில் அலைகள் செங்குத்தாக எழும்பும், அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. கண்டம் முடிந்த பிறகு அந்த நீரோட்டம் அட்லாண்டிக்குக்குள் நுழைவதுபோலக் கொஞ்ச தூரம் போகிறது. அப்புறம் கொண்டை ஊசி வளைவு மாதிரி மடங்கிக் கிழக்கே திரும்பிவிடுகிறது. மடங்கும் இடத்தில் சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள வெதுவெதுப்பான நீர்ச் சுழிகள் பிய்ந்து அட்லாண்டிக்குக்குள் மிதந்து போகின்றன. ஆப்பிரிக்கா இன்னும் கொஞ்சம் தெற்கே நீண்டிருந்தால் அந்தக் கசிவுக்கு இடமிருக்காது.

அண்டார்டிகாவைச் சுற்றிக் குறுக்கே நிலமே இல்லை. அதனால் அங்கே நீர் உலகையே சுற்றி வருகிறது. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே உள்ள டிரேக் நீரிணை வழியாக நொடிக்குப் பதிமூன்று கோடி கன மீட்டருக்கு மேல் பாய்கிறது. உலக நதிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதில் நூறில் ஒரு பங்குதான்.

கட்டுரையின் வரைபடத்தில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இந்தியப் பெருங்கடல். அட்லாண்டிக்கும் பசிபிக்கும் வடக்கே வெகுதூரம் போகின்றன. இது மட்டும் கடக ரேகையைச் சற்றுத் தாண்டியதுமே ஆசியாவில் முட்டி நின்றுவிடுகிறது. அந்த நிலம் கோடையில் கொதித்து, குளிர்காலத்தில் ஆறிப்போவதால்தான் பருவக்காற்று திசை மாறுகிறது. அதாவது இங்கே காற்றின் திசையையே நிலம் தீர்மானிக்கிறது! நீரோட்டமும் கூடவே மாறுகிறது. ஜூலையில் சோமாலிக் கரையோரம் வடக்கே பாயும் நீர் மணிக்கு நான்கு கடல் மைலைத் தாண்டும். ஜனவரியில் அதே இடத்தில் தெற்கே போகும். இலங்கைக்குத் தெற்கே கோடையில் கிழக்கு நோக்கி, குளிர்காலத்தில் மேற்கு நோக்கி. உங்கள் படத்திலோ வருஷம் முழுவதற்கும் ஒரே அம்புக்குறி.

இன்னொரு சிறு திருத்தம். 'மேற்குக் காற்று மேற்கு நீரோட்டத்தை உண்டாக்குகிறது' என்று ஓரிடத்தில் இருக்கிறது. காற்றுக்கு அது வருகிற திசையால் பெயர், நீரோட்டத்துக்குப் போகிற திசையால் பெயர். வாடை வடக்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து வருவது என்பது தமிழில் எல்லோருக்கும் தெரியும். நீரோட்டத்தில் இந்த வழக்கம் தலைகீழ். கப்பலில் புதிதாகச் சேரும் பையன்களும் முதல் மாதத்தில் இங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

அடுத்த இதழில் இடம் இருந்தால் இந்தியப் பெருங்கடலுக்கு ஜூலைக்கு ஒன்று, ஜனவரிக்கு ஒன்று என இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். முடிந்தால் தென் துருவத்தை நடுவில் வைத்து வரைந்த உலகப்படமும் ஒன்று. வழக்கமான படத்தில் அண்டார்டிகா நீரோட்டம் வலது ஓரத்தில் அறுந்து இடது ஓரத்தில் முளைக்கிறது. அது ஒரே வளையம் என்பது பார்க்கிறவருக்குத் தெரிவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்