பழைய நீர்மின் நிலையக் கட்டடம்: சீரமைப்புப் பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிறுத்தப்பட்ட நீர்மின் நிலையத்தைப் பொதுக்கூடமாக மாற்றும் பணி முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கைத் தனியே இணைத்திருக்கிறோம்.

இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டால் இடம் தாராளமாகக் கிடைக்கும் என்று சிலர் சொன்னது நியாயமான யோசனைதான். ஆனால் நயாகராவில் 1905-ல் ஓடத் தொடங்கி 2006-ல் நின்ற கனடிய நிலையத்தை 2021-ல் அருங்காட்சியகமாகத் திறந்தபோது, ஜெனரேட்டர்களை அப்படியே வரிசையாக நிற்க விட்டார்கள். அடுத்த ஆண்டு, ஒருகாலத்தில் தண்ணீர் வெளியேறிய 670 மீட்டர் சுரங்கத்திலும் மக்களை நடக்க விட்டார்கள். அதைப் பார்த்துத்தான் ஒரு டர்பைனையும் அதன் ஜெனரேட்டரையும் இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டோம். மற்ற இயந்திரக் குழிகளின் மேல் தளம் போட்டாயிற்று.

முதல் வேலை கண்ணுக்குத் தெரியாதது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு இருக்கலாம். குழாய்களில் சுற்றிய உறை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பரிசோதனையும் அகற்றலும் முடியும்வரை யாரையும் உள்ளே விடவில்லை. தாமதம் என்று வருத்தப்பட்டவர்களுக்கு இதுதான் காரணம்.

எங்களை உண்மையிலேயே திணறவைத்தது ஈரம். ஓடும் காலத்தில் ஜெனரேட்டர்களின் சூடே கூடத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தது. அவை நின்றதும் தடித்த சுவர்கள் குளிர்ந்து வியர்க்கத் தொடங்கின. பிற்காலத்தில் யாரோ சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கல் பொடிந்துகொண்டிருந்தது. சிமெண்டைக் கையாலேயே கொத்தி எடுத்தோம். இயந்திரம் வைத்தால் கல்லும் சேர்ந்து பெயர்ந்துவிடும். சுவர் காயக் காத்திருந்து, அப்புறம் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். உயரத்தில் உள்ள ஜன்னல்களைத் திறந்து மூடும்படி சரிசெய்ததும் காற்று ஓடுகிறது. இப்போது சுவரைத் தொட்டால் கை நனைவதில்லை. இந்தப் பணியில் எங்களுக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

கூரையடி கிரேனைப் பழுதுபார்த்து, பளு சோதனை செய்து, தளத்துக்கான இரும்பு உத்திரங்களை அதிலேயே தூக்கினோம். தண்ணீர் கொண்டுவந்த பெரிய குழாயின் வாயை அடைத்துவிட்டோம். வெளியேறும் கால்வாயில் வெள்ளம் ஏறினால் கூடத்துக்குள் வரக்கூடும். அதற்காக ஒருவழிக் கதவு வைத்திருக்கிறோம். குப்பை சிக்கினால் அது முழுதாக மூடாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் இறங்கிப் பார்த்துச் சுத்தம் செய்ய இரண்டு உறுப்பினர்கள் வேண்டும்; அடுத்த கூட்டத்துக்குள் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
பணிக்குழு